ராபர்ட் பெயினும் ஒரு நட்சத்திர மீனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சூழலியல் பாடம் நடத்துகிறவர்கள் ராபர்ட் பெயினைத் தாண்டிப் போக முடியாது. பாடப்புத்தகத்தில் அவருக்குக் கிடைப்பது நான்கு வரி: ஒரு பாறைக் கரை, ஒரு நட்சத்திர மீன், 'கீஸ்டோன் இனம்' என்ற சொல், அதற்கு ஒரு மதிப்பெண். அந்த நான்கு வரியை நடத்தி முடித்ததும் ஆண்டுதோறும் அதே சந்தேகங்கள் வரும். வந்ததையெல்லாம் ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே போட்டிருக்கிறேன்.

சார், பெயின் யாரு? சுருக்கமா சொல்லுங்க.

அமெரிக்கக் கடல் சூழலியலாளர். 1933-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் பிறந்தார். 2016 ஜூனில் சியாட்டிலில் காலமானார். 1962-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1998-இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே ஆசிரியர். இந்தப் பல்கலைக்கழகம் இருப்பது மேற்குக் கரையில், சியாட்டிலில். தலைநகர் வாஷிங்டனோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், பாதிப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஆரம்பத்தில் அவருக்கு ஆசை புதைபடிவங்கள் மேல்தான். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது பிராக்கியோபாட் என்ற பழங்கால ஓட்டுயிர் வகையில் இன்றும் உயிரோடிருக்கும் ஓர் இனம். கல்லில் பதிந்ததைப் பார்க்கப் போனவர் உயிரோடு இருப்பதன் பக்கம் திரும்பிவிட்டார். நல்ல உயரம், ஆறரை அடி. வழுக்குப் பாறையில் கடப்பாரையோடு நிற்கும் அந்த உருவத்தை மனதில் வைத்துக்கொண்டால் மேலே படிக்க வசதியாக இருக்கும்.

அந்தப் பரிசோதனையில அவர் என்னதான் செஞ்சார்?

வாஷிங்டன் மாநிலத்தின் பசிபிக் கரையில் மக்கா விரிகுடா என்று ஓர் இடம். அங்கே பாறைக் கரையில், கடல் ஏறும்போது மூழ்கி வற்றும்போது வெளியே தெரியும் பட்டையில், 8 மீட்டர் நீளமும் 2 மீட்டர் உயரமுமாக ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்தார். 1963 ஜூனிலிருந்து அந்தத் துண்டில் இருந்த பைசாஸ்டர் என்ற நட்சத்திர மீன்களை எல்லாம் பெயர்த்து அப்புறப்படுத்தினார். திரும்பத் திரும்பப் போய், புதிதாக ஏறி வந்தவற்றையும் எடுத்தார். பக்கத்திலேயே இன்னொரு துண்டை ஒன்றும் செய்யாமல் விட்டுவைத்தார். அவ்வளவுதான்.

செப்டம்பருக்குள் கொட்டலசு, அதாவது படகின் அடியில் ஒட்டிக்கொண்டு சொரசொரவென்று வளருமே, அதன் ஒரு வகை, பாறையில் 60 முதல் 80 சதவீதம் வரை பிடித்துக்கொண்டது. அடுத்த ஆண்டு ஜூனில் அதையும் நெருக்கித் தள்ளிக்கொண்டு கலிஃபோர்னியச் சிப்பி முன்னேறியது. கேரளப் பக்கத்தில் கல்லுமக்காய் என்று வறுத்துத் தின்கிறார்களே, அதன் குடும்பம்தான் இது. பாறையில் 15 இனங்கள் இருந்த இடத்தில் 8 இனங்கள் மிஞ்சின. தொடாமல் விட்ட துண்டில் அப்படி எதுவும் நடக்கவில்லை.

நடத்தும்போது நான் அழுத்திச் சொல்வது அந்தத் தொடாத துண்டைத்தான். அது இல்லையென்றால் 'அந்த ஆண்டு கடல் அப்படி இருந்தது' என்று யார் வேண்டுமானாலும் தள்ளிவிட்டிருக்கலாம்.

தின்னுறவனை எடுத்துட்டா எல்லாம் பெருகத்தானே செய்யணும்? எப்படிக் குறைஞ்சது?

என் நோட்டில் அதிகத் தடவை இருக்கும் கேள்வி இதுதான். சாப்பாட்டை மட்டும் யோசிப்பதால் வரும் குழப்பம். அந்தப் பாறையில் சாப்பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. ஒவ்வொரு அலையும் மிதவை உயிர்களைக் கொண்டுவந்து வாயருகே கொட்டுகிறது. தட்டுப்பாடு இடத்துக்குத்தான். கடற்பாசி, கொட்டலசு, சிப்பி எல்லாவற்றுக்கும் ஒட்டிக்கொள்ள ஒரு விரற்கடை பாறை வேண்டும்.

இந்த இடப்போட்டியில் சிப்பியை வெல்ல ஆளில்லை. நூல்நூலாக விட்டுப் பாறையை இறுகப் பிடித்துக்கொண்டு, மற்றவற்றின் மேலேயே ஏறி வளர்ந்து மூடிவிடும். அந்தச் சிப்பிதான் பைசாஸ்டருக்கு விருப்ப உணவு. நூற்றுக்கணக்கான குழாய்க் கால்களால் ஓடுகளைப் பிடித்து இழுத்து, கிடைக்கிற மெல்லிய இடுக்கு வழியே தன் இரைப்பையையே உள்ளே விட்டுச் செரித்துவிடும். ஜெயிக்கிறவனையே பார்த்துத் தின்கிறது, அதனால் தோற்கிறவர்களுக்கு இடம் கிடைக்கிறது. தின்கிறவன் போனதும் ஜெயிக்கிறவன் முழுப் பாறையையும் எடுத்துக்கொண்டான்.

'கீஸ்டோன்'னா சாவிக்கல்லா?

இல்லை. 'கீ' என்றதும் சாவி நினைவுக்கு வந்து, சிலர் 'திறவுகோல் இனம்' என்றுகூட எழுதிவிட்டார்கள். இது கட்டடக்கலைச் சொல். கல் வளைவு கட்டும்போது இரண்டு பக்கமும் ஏறிவந்து உச்சியில் சந்திக்கும் இடத்தில் கடைசியாக ஒரு ஆப்புக்கல்லைச் செருகுவார்கள். எடை கணக்கில் அது மற்றக் கற்களைவிடப் பெரிதல்ல. ஆனால் அதை உருவினால் வளைவு சரிந்துவிடும். அதேபோல, எடுத்துவிட்டால் சுற்றியுள்ள உயிர்களின் அமைப்பே மாறிவிடும் இனம்தான் கீஸ்டோன் இனம்.

நம் பழைய கோயில்களில் தூணின் மேல் உத்தரம், உத்தரத்தின் மேல் பலகைக்கல் என்று அடுக்கிக் கட்டியிருப்பதால் இந்த உவமை நமக்குச் சட்டென்று எட்டுவதில்லை என்று நினைக்கிறேன். மதுரை திருமலை நாயக்கர் மகாலின் வளைவுகளை நிமிர்ந்து பார்த்தவர்களுக்கு எட்டும். 'மையக்கல் இனம்', 'ஆதாரக்கல் இனம்' என்று இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். ஆதாரம் என்றால் அடியில் இருப்பது, இந்தக் கல்லோ உச்சியில் இருப்பது. எனவே நான் கீஸ்டோன் என்றே சொல்லிவிடுகிறேன்.

1966-ஆ, 1969-ஆ? ரெண்டு புத்தகத்துல ரெண்டு வருஷம் போட்டிருக்கு.

இரண்டும் சரி, வேறு வேறு விஷயத்துக்கு. மேலே சொன்ன பரிசோதனை 1966-இல் 'அமெரிக்கன் நேச்சுரலிஸ்ட்' இதழில் வந்தது. அந்தக் கட்டுரையில் கீஸ்டோன் என்ற சொல்லே கிடையாது. 1969-இல் அதே இதழில் எழுதிய மூன்று பக்கக் குறிப்பில்தான் அந்தச் சொல் வருகிறது. பைசாஸ்டரோடு, ஆஸ்திரேலியப் பவளத்திட்டில் முள்கிரீட நட்சத்திர மீனைத் தின்னும் பெரிய ட்ரைட்டன் சங்கையும் அதில் எடுத்துப் பேசினார். பரிசோதனைக்கு எந்த ஆண்டு என்று கேட்டால் 1966, சொல்லுக்கு எந்த ஆண்டு என்றால் 1969.

அவருக்கு முன்னாடி யாரும் இப்படிச் செய்யலையா?

செய்தார்கள். ஜோசப் கானெல் ஸ்காட்லாந்தின் மில்போர்ட் கரையில் இரண்டு கொட்டலசு இனங்களை வைத்துச் செய்த வேலை 1961-இல் வெளிவந்தது. ஒன்றை அகற்றினால் மற்றது எங்கே வரை பரவுகிறது என்று பாறையிலேயே செய்து காட்டினார். களத்தில் கைவைத்துப் பார்க்கும் வழியைத் திறந்தவர்களில் அவருக்குப் பெரிய இடம் உண்டு.

பெயினின் வழிகாட்டி ஃப்ரெடரிக் ஸ்மித்தும் முக்கியம். 1960-இல் ஹேர்ஸ்டன், ஸ்மித், ஸ்லோபோட்கின் மூவரும் ஒரு கேள்வியைக் கிளப்பினார்கள்: இத்தனை தாவரம் தின்னிகள் இருந்தும் உலகம் எப்படிப் பச்சையாகவே இருக்கிறது? தாவரம் தின்னிகளை வேட்டையாடிகள் அடக்கி வைக்கின்றன என்பது அவர்கள் சொன்ன பதில். அது தாளில் இருந்த வாதம். மாணவர் அதைக் கடப்பாரையோடு கரைக்கு எடுத்துப்போனார்.

ஒரே ஒரு துண்டுல செஞ்சதை வச்சு இவ்வளவு பெரிய முடிவு சொல்லலாமா சார்?

நல்ல கேள்வி. இன்றைக்கு இதே கட்டுரையை அனுப்பினால் 'எத்தனை முறை திருப்பிச் செய்தீர்கள்' என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆனால் பெயின் அங்கே நிறுத்தவில்லை. மக்கா விரிகுடாவுக்கு அருகிலேயே, ஃப்ளாட்டரி முனைக்கு அப்பால் இருக்கும் டட்டூஷ் என்ற சிறு தீவில் 1960-களின் கடைசியில் வேலையைத் தொடங்கினார். மக்கா பழங்குடியினருக்குச் சொந்தமான தீவு அது, அவர்கள் அனுமதியோடுதான் வேலை. பல பத்தாண்டுகள் அதே பாறைகளுக்கு, ஓய்வு பெற்ற பிறகும் போய்க்கொண்டிருந்தார். நியூசிலாந்தில் வேறொரு நட்சத்திர மீனை அகற்றிப் பார்த்தபோதும் சிப்பி கீழ்நோக்கிப் பரவியது. அந்த முடிவு 1971-இல் வந்தது.

எல்லா இடத்திலும் இப்படியே நடக்குமா என்றால், இல்லை. அதைக் காட்டியவர் அவருடைய மாணவரே. ப்ரூஸ் மெஞ்சும் உடன் வேலை செய்தவர்களும் ஆரிகன் கரையில் செய்து 1994-இல் வெளியிட்ட ஆய்வில், அலை வேகமாக அடிக்கும் முனைகளில் பைசாஸ்டர் கீஸ்டோனாக இருந்தது. அலை அடங்கிய, மணல் வந்து மூடும் இடங்களில் அதே பைசாஸ்டருக்கு அந்தச் செல்வாக்கு இல்லை. கீஸ்டோன் என்பது ஒரு உயிரினத்தின் பிறவிக் குணம் என்று எழுதினால் அதனால்தான் மதிப்பெண்ணைக் குறைக்கிறேன். இடத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எடுத்த நட்சத்திர மீனைத் திரும்ப விட்டா பழையபடி ஆயிடுமா?

எல்லாரும் ஆகும் என்றுதான் எதிர்பார்ப்பார்கள். பெயின் டட்டூஷில் பல ஆண்டு தொடர்ந்து அகற்றிவிட்டு, பிறகு நிறுத்திப் பார்த்தார். நட்சத்திர மீன்கள் திரும்பி வந்தன, ஆனால் சிப்பிப் படுகை அப்படியே நின்றது. காவல் இல்லாத காலத்தில் சிப்பிகள் பெரிதாக வளர்ந்துவிட்டன. ஓர் அளவைத் தாண்டிய சிப்பியை அந்த மீனால் பிளக்க முடியாது. இந்த அளவு விஷயத்தை 1976-இலேயே எழுதியிருந்தார். நீண்டகால விளைவை ட்ரிம்பிள் என்பவரோடு சேர்ந்து 2004-இல் எழுதினார்.

1966 கட்டுரையைவிட எனக்கு இதுதான் பிடித்த ஆய்வு. எட்டு மாதத் திட்டம், இரண்டு ஆண்டு நிதி என்று வேலை செய்கிறவர்கள் கண்ணில் இது பட்டிருக்கவே முடியாது.

இது கொடுமை இல்லையா? பாவம், அத்தனை மீனைத் தூக்கி எறிஞ்சிருக்காரே.

மீன் என்பது பெயரளவில்தான், முதுகெலும்பு இல்லாத உயிர். கடப்பாரையால் நெம்பி எடுத்து ஆழமான தண்ணீருக்குள் வீசினார். அந்தத் தொந்தரவால் அவற்றில் எத்தனை பிழைத்தன என்பதல்ல அந்த ஆய்வு பார்த்தது. இன்றைக்கு இப்படி ஒரு வேலைக்கு அனுமதி வாங்குவது அப்போதைவிடக் கடினம், அப்படி இருப்பது நியாயமும்கூட. ஆனால் ஒரு பாறைத் துண்டு அளவில் செய்த அந்த இடையூறால்தான், ஒரு வேட்டையாடி முழுக் கரையிலிருந்தும் காணாமல் போனால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தது. கீழே நோய் பற்றிய கேள்வியில் அதற்கு வருகிறேன்.

கடல் நீர்நாய் கதையும் இவர் கண்டுபிடிச்சதுதானே?

இல்லை, ஆனால் அதில் இவர் கை உண்டு. அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளில் அம்சிட்கா என்ற தீவு. அமெரிக்கா நிலத்தடி அணுகுண்டுச் சோதனை நடத்திய இடம். அங்கே நீர்நாய்களைப் படித்துக்கொண்டிருந்த ஜிம் எஸ்டெஸ் என்ற இளைஞரை 1971-இல் பெயின் சந்தித்தார். நீர்நாய்க்கு அந்தக் கடல் எப்படிச் சோறு போடுகிறது என்பது எஸ்டெஸின் கேள்வியாக இருந்தது. அதைத் திருப்பிப் போட்டு, நீர்நாய் அந்தக் கடலை என்ன செய்கிறது என்று பார்க்கச் சொன்னார் பெயின்.

எஸ்டெஸும் பால்மிசானோவும் நீர்நாய் இருக்கும் தீவுகளையும் இல்லாத தீவுகளையும் ஒப்பிட்டு 1974-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். நீர்நாய் இருந்த இடத்தில் கெல்ப் என்ற பெரும்பாசிக் காடு செழித்திருந்தது. இல்லாத இடத்தில் கடல் முள்ளெலிகள், அதாவது பாசி தின்னும் முள்ளுருண்டை போன்ற உயிர்கள், பெருகிப் பாசியை மொட்டையடித்திருந்தன. பெயின் பெயர் அந்தக் கட்டுரையில் ஆசிரியராக இல்லை. அவருடைய செல்வாக்கு பெரும்பாலும் இப்படித்தான் போயிருக்கிறது.

'டிராஃபிக் காஸ்கேட்'னு ஒண்ணு வருதே, அது என்ன?

ட்ரோஃபிக். போக்குவரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, உணவு நிலை என்று பொருள். மேலே சொன்ன நீர்நாய், முள்ளெலி, பாசி மாதிரி உச்சியில் நடக்கும் மாற்றம் படிப்படியாகக் கீழே இறங்குவதற்குப் பெயர் ட்ரோஃபிக் காஸ்கேட். பெயின் 1980-இல் 'ஜர்னல் ஆஃப் அனிமல் ஈகாலஜி'யில் வந்த கட்டுரையில் அந்தத் தொடரைப் பயன்படுத்தினார். உணவு வலை படத்தில் அம்புக்குறி போட்டால் போதாது, ஒவ்வொரு அம்பும் எவ்வளவு பலமானது என்று அளக்க வேண்டும் என்பது அந்தக் கட்டுரையின் அடிநாதம். எல்லா அம்பையும் ஒரே தடிமனில் வரையும் நம் பாடப்புத்தகங்கள் இன்னும் அதைக் கேட்கவில்லை.

நிறைய பேர் மேற்கோள் காட்டினா பெரிய விஞ்ஞானியா? இவருக்கு அப்படி என்ன செல்வாக்கு?

மேற்கோள் கணக்கும் இருக்கிறது. அமெரிக்கன் நேச்சுரலிஸ்ட் இதழில் வந்த களஆய்வு, பரிசோதனைக் கட்டுரைகளில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்டது அந்த 1966 கட்டுரைதான். 1986-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2013-இல் ஜப்பானின் காஸ்மாஸ் பரிசு கிடைத்தது.

ஆனால் என்னைக் கேட்டால் ஆட்களைத்தான் எண்ணச் சொல்வேன். அவரிடம் படித்த பால் டேட்டன், அலையில் மிதந்துவரும் மரக்கட்டைகள் பாறையில் மோதிச் சிப்பிகளைப் பெயர்த்து இடம் உண்டாக்குவதைக் காட்டினார். அந்த 1971 கட்டுரை டேட்டன் பெயரில் மட்டுமே வந்தது. மாணவரின் வேலையில் தன் பெயரைச் செருகாத ஆசிரியர் பெயின். ஆராய்ச்சி உலகம் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு அபூர்வம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஜேன் லப்சென்கோவும் அவரிடம் படித்தவர். 2009 முதல் 2013 வரை அமெரிக்காவின் கடல், வளிமண்டல நிர்வாகத்துக்கே தலைவராக இருந்தார். சைமன் லெவின் என்ற கணிதக்காரரோடு சேர்ந்து, அலை பிய்த்தெடுக்கும் சிப்பிப் படுகையின் ஓட்டைகள் எப்படி மூடுகின்றன என்று 1974-இல் பெயின் எழுதியது, களமும் கணிதமும் ஒழுங்காகக் கைகோத்த வேலைகளில் ஒன்று.

அப்புறம் டட்டூஷ் தீவு. டிம் வூட்டன், கேத்தி ஃபிஸ்டர் இருவரும் அங்கே கடல்நீரின் அமிலத்தன்மையைத் தொடர்ந்து அளந்து, எட்டு ஆண்டுக் கணக்கை 2008-இல் வெளியிட்டார்கள். எதிர்பார்த்ததைவிட வேகமாக அமிலமாகிறது என்று தெரிந்தது. நட்சத்திர மீனுக்காகப் பிடித்த இடம் வேறொன்றையும் காட்டிக்கொடுத்தது.

சிப்பிப் படுகைக்குள்ளயே நூத்துக்கணக்கான இனம் இருக்காமே? அப்ப 15 எட்டாச்சுங்கிறது பொய்யா?

பொய் இல்லை, கணக்கு முழுமையில்லை. பெயின் எண்ணியது பாறைமேல் கண்ணுக்குத் தெரிந்த, இடம் பிடிக்கிற பெரிய உயிர்களை. சிப்பிகள் அடுக்கடுக்காகப் படியும்போது அவற்றின் இடுக்குகளில் புழு, நண்டுக்குஞ்சு, சிறு நத்தை என்று ஒரு தனி ஊரே குடியேறுகிறது. அப்படிச் சுமார் 300 இனங்களை எண்ணியவர் தாமஸ் சுகானெக். இவரும் பெயினிடம் படித்தவர்தான். 2016-இல் லாஃபர்ட்டியும் சுகானெக்கும் இதை முன்வைத்து, அந்த இடுக்குவாசிகளையும் சேர்த்தால் நட்சத்திர மீன் இல்லாத பாறையில் மொத்த இனங்கள் கூடவே செய்யலாம் என்று எழுதினார்கள்.

என் தீர்ப்பு: 'வேட்டையாடி போனால் பன்முகத்தன்மை குறையும்' என்ற ஒற்றை வரி இதில் அடிபடுகிறது. ஒரு உயிர் மொத்தப் பாறையின் அமைப்பையே மாற்றிவிடும் என்பது அடிபடவில்லை. மூன்றாவது கேள்வியில் சொன்ன இடப்போட்டியும் அப்படியே நிற்கிறது.

புலி கீஸ்டோனா? யானை? அத்தி மரம்? தேர்வுல எதை எழுதுறது?

1990-களில் இந்தச் சொல் ஊரெல்லாம் ஓடிவிட்டது. பிடித்த விலங்குக்கெல்லாம் கீஸ்டோன் பட்டம். 1993-இல் மில்ஸ் முதலானவர்கள், இதற்கு இனி அர்த்தமே இல்லை என்கிற அளவுக்கு விமர்சித்தார்கள். 1996-இல் மேரி பவர் தலைமையில் பெயினும் சேர்ந்து வரையறையை இறுக்கினார்கள்: எண்ணிக்கைக்கும் எடைக்கும் பொருந்தாத அளவு பெரிய விளைவு இருக்க வேண்டும். கடல் முழுக்கச் சிப்பி இருந்து அதனால் கரை மாறினால் சிப்பி ஆதிக்க இனம். கொஞ்சமே இருக்கும் நட்சத்திர மீனால் மாறினால் அது கீஸ்டோன்.

புலியைக் காப்பாற்ற இந்தப் பட்டம் தேவையில்லை. அதைக் காத்தால் காடு காக்கப்படும் என்றால் அது குடை இனம். மரத்தைச் சாய்த்து வழி உண்டாக்கும் யானையைச் சூழல் பொறியாளர் என்பார்கள். வேறு பழம் கிடைக்காத மாதங்களில் பறவைக்கும் குரங்குக்கும் தீனி தரும் அத்தி இனங்களைக் கீஸ்டோன் என்று சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு. தேர்வில் பாடப்புத்தகத்தில் உள்ளதை எழுதிவிட்டு வாருங்கள், வெளியே வந்து சண்டை போடுவோம்.

நட்சத்திர மீனுக்கெல்லாம் ஏதோ நோய் வந்து செத்துப்போச்சாமே?

2013-இல் தொடங்கியது. அலாஸ்காவிலிருந்து மெக்சிகோவரை 20-க்கும் மேற்பட்ட இனங்கள் பாதிக்கப்பட்டன. கைகள் திருகி, கழன்று விழுந்து, உடல் கூழாகிவிடும். பைசாஸ்டரும் அதில் ஒன்று. பெயின் 16 சதுர மீட்டரில் கையால் செய்ததை நோய் ஒரு கண்டத்தின் விளிம்பு முழுக்கச் செய்தது, அவர் உயிரோடு இருக்கும்போதே. முதலில் ஒரு வைரஸ் மீது பழி போட்டார்கள், பிறகு அது சரியாக நிற்கவில்லை. மிக மோசமாக அடிபட்ட சூரியகாந்தி நட்சத்திர மீனுக்கு விப்ரியோ பெக்டெனிசிடா என்ற பாக்டீரியாதான் காரணம் என்று 2025-இல் நிரூபித்தார்கள். காலராக் கிருமியின் குடும்பம் அது.

நாங்களும் இதைச் செஞ்சு பார்க்கலாமா?

அகற்றும் வேலை வேண்டாம். மன்னார் வளைகுடாத் தீவுகள் மாதிரிப் பாதுகாக்கப்பட்ட இடங்களில் அனுமதியில்லாமல் எதையும் தொடவே கூடாது. இன்னொரு சிக்கல், நம் கரை பெரும்பாலும் மணல். கடல் ஏற்றவற்றமும் சென்னைப் பக்கம் சுமார் ஒரு மீட்டருக்குள் முடிந்துவிடும். பெயினின் கரையில் அது பெரிய ஓதத்தில் மூன்று மீட்டரைத் தாண்டும். அதனால் நமக்குக் கிடைக்கும் பட்டை ஒல்லியானது.

ஆனால் எண்ணலாம். குமரி மாவட்டத்தில் முட்டம் மாதிரிப் பாறைக் கரை பக்கத்தில் இருந்தால் நல்லது. இல்லையென்றால் மீனவ ஊர்களில் போட்டிருக்கும் தூண்டில் வளைவுக் கற்களே போதும். அரை மீட்டர் சதுரத்துக்கு ஒரு பிவிசி குழாய்ச் சட்டம் செய்துகொள்ளுங்கள். ஒரே கல்லில், அழியாத குறி வைத்த ஒரே இடத்தில், மாதம் ஒருமுறை வற்று நேரம் பார்த்துச் சட்டத்தை வைத்து உள்ளே என்னென்ன எத்தனை என்று எழுதுங்கள், ஒரு படமும் எடுங்கள். தனியாகப் போகாதீர்கள், கடலுக்கு முதுகு காட்டி உட்காராதீர்கள், பாசிக்கல்லில் ரப்பர் செருப்பு வழுக்கும். மூன்றாவது மாதம் சலிப்பு வரும். பன்னிரண்டாவது மாதத் தாளோடு வந்து என்னைப் பாருங்கள்.